போட்டோவில் இருப்பது ப்ரூக்ளின் பாலம் இல்லை!

என் இன்ஸ்டாகிராமில் இதுவரை அதிக லைக் வாங்கிய போட்டோ ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சிவப்புச் செங்கல் கட்டடங்கள், நடுவில் கல் பாவிய தெரு, தெரு முடிகிற இடத்தில் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் நீலச் சாம்பல் நிற இரும்புக் கோபுரம். அதன் முன்னால் கூலிங் கிளாஸோடு நான். கேப்ஷன்: "ப்ரூக்ளின் பிரிட்ஜ் டைரீஸ்".

இரண்டு நாள் கழித்து, ஸ்ட்ரக்சுரலில் எம்.இ. படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தர் தனியாக மெசேஜ் அனுப்பினாங்க: "தம்பி, நீ சிவில்தானே? அது மன்ஹாட்டன் பிரிட்ஜ்டா."

அவமானம்தான். மூணு வருஷம் சிவில் படிச்சவன், ஒரு பாலத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்னுட்டு, பெயர்கூடத் தெரியாம வந்திருக்கேன். அந்த ஒரு மெசேஜால் நான் தேடிப் படித்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை. போட்டோ எடுக்க டிப்ஸும் உண்டு, பயப்படாதீங்க. கடைசியில் எங்க ப்ராஜெக்ட்டில் நான் செய்த ஒரு தப்பும் வரும்.

எந்தத் தெரு, எங்கே இருக்கு?

போன மே மாதம், ஆறாவது செமஸ்டர் முடிந்த கையோடு, ஜெர்சி சிட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் சித்தி பொண்ணுதான் கைடு. "அண்ணா, எல்லாரும் எடுக்கற அந்த போட்டோ ஸ்பாட்டுக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த இடம் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் இருக்கும் வாஷிங்டன் தெரு. அதில் ஃப்ரன்ட் தெருவுக்கும் வாட்டர் தெருவுக்கும் நடுவில் உள்ள ஒரே ஒரு பிளாக். அந்தப் பேட்டைக்குப் பெயர் டம்போ. யானைக் குட்டி கார்ட்டூன் என்று நினைத்தேன், இல்லை. "டவுன் அண்டர் த மன்ஹாட்டன் பிரிட்ஜ் ஓவர்பாஸ்" என்பதன் முதல் எழுத்துகள். பேட்டையின் பெயரிலேயே மன்ஹாட்டன் பாலம் இருக்கு. அப்பவும் நான் கவனிக்கலை!

நூறு வருஷத்துக்கு முன் இது ஃபேக்டரி ஏரியா. அட்டைப்பெட்டி தயாரித்த ராபர்ட் கேர் என்பவருக்கு இங்கே அத்தனை கட்டடங்கள் இருந்ததால் "கேர்வில்" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். 1984ல் வந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' படத்தின் போஸ்டரில் இருப்பதும் இதே தெருக் காட்சிதான்.

போகும் வழி சுலபம். சப்வேயில் எஃப் ரயில் என்றால் யார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ஏ அல்லது சி ரயில் என்றால் ஹை ஸ்ட்ரீட் ஸ்டேஷன். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான். டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. சாதாரண நகரத் தெரு.

அதுதான் சிக்கலும். நாங்கள் போன அன்று தெரு நடுவில் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். கல்யாண கவுன் போட்ட ஒரு மணப்பெண், ட்ரைபாட் வைத்த இரண்டு பேர், குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். நடுவே ஒரு டெலிவரி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வந்தது. நான் பின்னால் பார்க்காமலே ரிவர்ஸில் நடந்துகொண்டிருந்தேன். தங்கச்சி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி முழங்கையை உரசிக்கொண்டு போனது. அதனால் முதல் டிப் இதுதான்: பின்னால் நகர வேண்டும் என்றால் முதலில் திரும்பிப் பாருங்க. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது ரோடு.

எம்பயர் ஸ்டேட் ஏன் குட்டியாகத் தெரியுது?

இந்த ஸ்பாட்டின் ஸ்பெஷலே, பாலத்தின் கோபுரக் கால்களுக்கு நடுவே எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஃப்ரேம் போட்ட மாதிரி தெரிவதுதான். ஆனால் மொபைலில் எடுத்தால் அது தீக்குச்சி மாதிரி வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பக்கத்தில் ஒருத்தர் எடுத்த போட்டோவில் மட்டும் பெரிதாக இருந்தது. கேமரா விலை வித்தியாசம் என்று நினைத்தேன். இல்லை, அவர் நின்ற இடம்தான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு. எம்பயர் ஸ்டேட் அந்தத் தெருவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாலத்தின் கோபுரம் சில நூறு மீட்டர்தான். கணக்குக்காக 240 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் 80 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு பிளாக், பின்னால் போகிறீர்கள்.

கோபுரத்துக்கான தூரம் 240லிருந்து 320 ஆகிறது. அதனால் கோபுரம் கண்ணுக்கு 25 சதவீதம் சின்னதாகத் தெரியும். எம்பயர் ஸ்டேட்டுக்கான தூரம் 5,000லிருந்து 5,080. அது சுருங்குவது 2 சதவீதம்கூட இல்லை. அப்படியென்றால் கோபுரத்தோடு ஒப்பிடும்போது எம்பயர் ஸ்டேட் சுமார் 30 சதவீதம் பெரிதாகிவிட்டது. இப்போது ஜூம் பண்ணி ஃப்ரேமை நிரப்பினால், அந்த "பெரிய எம்பயர் ஸ்டேட்" போட்டோ ரெடி.

ஜூம் மட்டும் இந்த விகிதத்தை மாற்றாது என்பதைக் கவனிங்க. நின்ற இடத்திலேயே ஜூம் பண்ணினால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும். விகிதத்தை மாற்றுவது நம் கால்கள்தான். மொபைலில் மெயின் கேமராவை விட்டுவிட்டு, 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு, ஃப்ரன்ட் தெரு பக்கமாகப் பின்னால் போய் எடுங்க. வைட் லென்ஸைத் தொடவே வேண்டாம்.

வெளிச்சம் பற்றி: தெருவிலிருந்து எம்பயர் ஸ்டேட் இருக்கும் திசை ஏறக்குறைய நேர் வடக்கு. நியூயார்க் இருக்கும் அட்சரேகையில் மதிய சூரியன் எப்போதும் தெற்கில்தான். அதாவது நம் முதுகுக்குப் பின்னால். அதனால் கோபுரம் பளிச்சென்று தெரியும், பின்னொளியில் கருத்துப் போகும் தொல்லை குறைவு. காலையிலும் மாலையிலும் பக்கத்துக் கட்டடங்களின் நிழல் தெருவில் விழும். தெரு இருட்டாகவும் பாலம் வெளிச்சமாகவும் இருக்கும். பாலத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாக வரும். கூட்டம் வேண்டாம் என்றால் விடிந்ததும் போய்விட வேண்டும். வேறு வழியே இல்லை.

சரி, ப்ரூக்ளின் பாலம் எது?

இரண்டும் ஈஸ்ட் ரிவர் மேல் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கோபுரம் கல்லால் கட்டி, கூம்பு வளைவு இரண்டு இருந்தால் ப்ரூக்ளின் பாலம். 1883ல் திறந்தது. கோபுரம் முழுக்க எஃகாக இருந்தால் மன்ஹாட்டன் பாலம். 1909 டிசம்பர் 31ல் திறந்தது. வாஷிங்டன் தெருவில் எடுக்கும் போட்டோவில் இருப்பது எஃகுக் கோபுரம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால், தெருவிலிருந்து ஆற்றங்கரைப் பூங்காவுக்கு இறங்குங்க. கூழாங்கல் கரையில் நின்றால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மன்ஹாட்டன் பாலத்தின் நடைபாதையில் ஏறினால் ப்ரூக்ளின் பாலம் முழுசாகத் தெரியும். அங்கே கூட்டமும் குறைவு.

கல்லா, எஃகா என்பது வெறும் அலங்கார வித்தியாசம் இல்லை. கல் கோபுரம் வளையாது. அதனால் ப்ரூக்ளின் பாலத்தில் கேபிள், கோபுர உச்சியில் உருளைகள் மேல் வைத்த தாங்கியில் உட்காரும்; லோடு மாறும்போது தாங்கி நகரலாம். மன்ஹாட்டன் பாலத்தில் கேபிள் கோபுர உச்சியோடு இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். நகர வேண்டிய நேரத்தில் கோபுரமே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 102 மீட்டர் உயரக் கோபுரம் அவ்வளவு ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். நான் முன்னால் நின்று போஸ் கொடுத்தது, வளைவதற்காகவே டிசைன் பண்ணின கோபுரம்.

துணிக்கொடி தியரி

இந்தப் பாலத்தின் கணக்கைப் போட்டவர் லியோன் மொய்சீஃப். 1872ல் ரிகா நகரில் பிறந்து, பத்தொன்பது வயதில் நியூயார்க் வந்தவர். கொலம்பியாவில் படித்துவிட்டு நகரத்தின் பாலத் துறையில் சேர்ந்தார். ஜோசப் மெலன் என்ற ஐரோப்பியப் பொறியாளர் 1888ல் வெளியிட்ட 'டிஃப்ளெக்ஷன் தியரி'யை ஒரு பெரிய பாலத்துக்கு முதலில் பயன்படுத்தியது இங்கேதான்.

அந்த தியரி சொல்வதை நம் வீட்டு மொட்டை மாடியிலேயே பார்க்கலாம். காலியாக இருக்கும் துணிக்கொடியில் ஒரு காக்கா உட்கார்ந்தால் கயிறு சரேலென்று இறங்கும், ஆடும். அதே கொடியில் அம்மா நாலு ஈரப் போர்வையைக் காயப்போட்ட பிறகு காக்கா உட்கார்ந்தால்? கயிறு அசையாது. போர்வைகளின் எடையே கயிற்றை விறைப்பாக்கிவிட்டது. காக்காவின் எடை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

சஸ்பென்ஷன் பாலமும் அப்படித்தான். பாலத்தின் சொந்த எடையை நாலு கேபிள்கள் சுமக்கின்றன. ஒவ்வொன்றிலும் 9,472 கம்பிகள். அந்த எடையே கேபிளுக்கு ஒரு விறைப்பைத் தருகிறது. மேலே ஓடும் வண்டிதான் காக்கா. பழைய கணக்கு முறை, லோடு வந்தாலும் கேபிளின் வடிவம் மாறாது என்று வைத்துக்கொண்டு, விறைப்பு முழுவதையும் தளத்தின் ட்ரஸ்ஸிடமே எதிர்பார்த்தது. புதிய முறை, கேபிளின் இடமாற்றத்தையும் கணக்கில் எடுத்தது. விளைவு: ட்ரஸ்ஸை லேசாகக் கட்டலாம், எஃகு மிச்சம், செலவு மிச்சம், பாலம் பார்க்கவும் அழகு. 448 மீட்டர் நடு ஸ்பானை அவ்வளவு லேசான ட்ரஸ்ஸோடு கட்ட முடிந்தது இதனால்தான்.

ஆனால் ஒன்று மாட்டிக்கொண்டது. கீழ்த்தளத்தில் நடுவில் ரோடு, இரண்டு ஓரத்திலும் ரயில் பாதை. 1915லிருந்து சப்வே ஓடுகிறது. காலப்போக்கில் ரயில்களின் எடை கூடியது. ஓரத்தில் ஒரு கனமான ரயில் வந்தால் அந்தப் பக்கம் இறங்கும். எதிர்ப் பக்கம் அப்படி இறங்காது. பாலம் முழுக்க முறுக்கிக்கொள்ளும். அதுவும் அடிக்கணக்கில். துணி பிழிகிற மாதிரி, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு முறை, வருஷக்கணக்காக. எஃகு உறுப்புகளில் விரிசல்கள் வந்தன. 1982ல் பெரிய அளவில் பழுதுபார்ப்பு தொடங்கியது. பல வருஷங்கள் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூடி மறு பக்கத்தில் மட்டும் ரயில் விட்டார்கள். முறுக்கத்தைத் தாங்கும்படி பாலத்தை வலுவாக்கி, இரண்டு பக்கமும் முழுசாக ரயில் ஓட ஆரம்பித்தது 2004ல்தான்.

நாங்கள் தெருவில் நின்றபோது தலைக்கு மேல் தடதடவென்று ஒரு ரயில் போனது. தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். நான் "வீடியோல சத்தம் வந்துடுச்சே" என்று எரிச்சல்பட்டு அந்த க்ளிப்பை டெலீட் பண்ணினேன். இப்போது அதைத்தான் தேடுகிறேன்.

அதே ஆள், இன்னொரு பாலம்

இதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொய்சீஃப் பெரிய ஆளாகிறார். 1937ல் திறந்த கோல்டன் கேட் உட்பட அந்தக் காலத்துப் பெரிய பாலங்களுக்கு அவர்தான் ஆலோசகர். அடுத்து வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நேரோஸ் பாலம். ஆமாம், நாம் எல்லாரும் வகுப்பில் பார்த்த அந்த ஆடி விழும் பாலத்தின் வீடியோ. என் ப்ரொஃபைல் போட்டோவில் இருக்கும் பாலமும், அந்த வீடியோவில் விழும் பாலமும் ஒரே ஆளின் கணக்கு!

முதலில் போட்ட திட்டத்தில் டகோமா பாலத்துக்கு 25 அடி ஆழ ட்ரஸ் இருந்தது. மொய்சீஃப் அதை 8 அடி ஆழ கர்டராக மாற்றினார். செலவு நன்றாகவே குறைந்தது. நடு ஸ்பான் 853 மீட்டர், அகலம் சுமார் 12 மீட்டர். அதாவது நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ 70 மடங்கு. மன்ஹாட்டன் பாலத்தில் அது 12 மடங்குதான்.

1940 ஜூலை 1ல் திறந்தது. ஆரம்பத்திலிருந்தே அலை மாதிரி ஏறி இறங்கியது. மக்கள் செல்லப் பெயர்கூட வைத்தார்கள். நவம்பர் 7ல், மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் காற்றில், நடுவில் இருந்த ஒரு கேபிள் பட்டை நழுவ, ஆட்டம் முறுக்கமாக மாறியது. கொஞ்ச நேரத்தில் தளம் பிய்ந்து விழுந்தது. மனித உயிர் எதுவும் போகவில்லை. காரில் மாட்டிக்கொண்ட ஒரு நாய் இறந்தது. மூன்று வருஷம் கழித்து, 1943ல், மொய்சீஃப் மாரடைப்பில் இறந்தார்.

இங்கே ஒரு விஷயம். ஃபர்ஸ்ட் இயரில் நான் அசைன்மென்ட்டில் எழுதியது: "காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனதால் ரெசனன்ஸ்". நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீங்க. அது சரியில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு பேப்பர் துண்டை நீட்டிப் பாருங்க. காற்று ஒரே சீராகத்தான் வருகிறது. ஆனாலும் பேப்பர் படபடக்கும். காற்றுக்குத் தாளம் தேவையில்லை. பேப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் அதன் மேல் படும் காற்றின் விசை மாறும். மாறிய விசை இன்னும் முறுக்கும். ஆட்டமே காற்றிலிருந்து சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃப்ளட்டர். டகோமாவை விழ வைத்தது இந்த முறுக்க ஃப்ளட்டர்தான்.

மொய்சீஃபின் தியரி தப்பா? இல்லை, இன்றைக்கும் அது சரிதான். காற்றை அவர் மறக்கவும் இல்லை. 1933ல் பக்கவாட்டுக் காற்றுக்குத் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அந்தக் கணக்கில் காற்று என்பது அசையாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு விசை. அப்படித் தள்ளினால் டகோமா தாங்கியிருக்கும். துணிக்கொடி தியரி நிற்பதே ஈரப் போர்வையின் எடையில். பாலத்தை லேசாக்கிக்கொண்டே போனபோது அந்தப் போர்வைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள்.

எங்க ப்ராஜெக்ட்

இப்போ என் தப்பு. எங்க டிசைன் ப்ராஜெக்ட், 36 மீட்டர் ஸ்பானில் ஒரு எஃகு நடை மேம்பாலம். ஸ்டாட் ப்ரோவில் ரன் பண்ணினோம், எல்லா மெம்பரும் பாஸ். முதல் ரிவ்யூவில் "மற்ற டீம்களைவிட எங்களுடையதில்தான் எஃகு கம்மி" என்று ஸ்லைடு போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். கைடு சார் பாராட்டினார்.

டகோமாவைப் படித்த அன்று ராத்திரி, ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து இயற்கை அதிர்வெண்ணை ரன் பண்ணினேன். 2.1 ஹெர்ட்ஸ். மனிதன் சாதாரணமாக நடக்கும்போது நொடிக்கு வைப்பது ஏறக்குறைய இரண்டு அடி. எங்க பாலத்தில் இது நிஜமான ரெசனன்ஸ் கேஸ். நடை பாலத்தின் செங்குத்து அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தால் அதிர்வைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று பாடத்திலேயே இருக்கிறது. நாங்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. சாஃப்ட்வேர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டீமில் சண்டை. "சார் ஓகே சொல்லிட்டார், விடு மச்சி. யாரு கட்டப் போறா?" என்றான் ஒருத்தன். அவன் சொன்னது ஒரு வகையில் நியாயம்தான். நாலு பேரில் மூணு பேருக்கு ஐடி ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, எனக்கும் சேர்த்து. ஆனால் 2000ல் லண்டனில் மில்லேனியம் நடை பாலம் திறந்த இரண்டே நாளில் மூட வேண்டியிருந்தது. நடப்பவர்களால் பாலம் பக்கவாட்டில் ஆடியது. சரிசெய்து 2002ல்தான் மறுபடி திறந்தார்கள். அதைக் கட்டினவர்களும் ஸ்ட்ரெங்த் செக் பாஸ் ஆனவர்கள்தான்.

ட்ரஸ் ஆழத்தைக் கூட்டினோம். எஃகு எடை ஏறியது. இரண்டாவது ரிவ்யூவில் அந்தப் பெருமை ஸ்லைடை நானே எடுத்துவிட்டு, "போன முறை அதிர்வைச் சோதிக்கவில்லை சார்" என்று சொன்னேன். சார் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அடுத்த டீம், நீங்க செக் பண்ணீங்களா?" என்று கேட்டார். அந்த டீம் இன்னும் என்னிடம் பேசவில்லை.

கேப்ஷனை மாற்றிவிட்டேன்: "மன்ஹாட்டன் பாலம், 1909." சீனியர் அக்காவிடமிருந்து ஒரு லைக் வந்தது. உங்கள் யாருக்காவது அந்தத் தெருவில் நிற்க வாய்ப்புக் கிடைத்தால், போட்டோ எடுத்த பிறகு ஒரு ரயில் போகிற வரைக்கும் காத்திருங்க. சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்க. என்கிட்ட இருந்ததை டெலீட் பண்ணிட்டேன்.